கொலினுக்கு மணம் போன வருடம்

1. நண்டுத் தட்டு

ஞாயிற்றுக்கிழமை மதிய சர்வீஸ். ஒரு மேசையும் காலியில்லை. நான் அடுப்பில் மாட்டிறைச்சிக்கான சோஸை வற்றவைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால், தட்டுகள் வெளியே போகும் பாஸ் மேசையில், தலைமைச் சமையல்காரரும் முதலாளியுமான கொலின் நின்றார். நண்டுச் சதையைப் பட்டரோடும் சாதிபத்திரியோடும் கிளறி, சிறு கிண்ணங்களில் அடைத்து, மேலே உருகிய பட்டர் ஊற்றிக் குளிரவைப்பது எங்களுடைய பெயர்போன ஆரம்ப உணவு. அந்தக் கிண்ணங்களைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டில் கவிழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் ஒன்றைக் கவிழ்த்தபோது எனக்கு நாற்றம் அடித்தது. பழுதான நண்டின் நாற்றம் கழிப்பறை கழுவும் மருந்து மாதிரி மூக்கின் மேல்பக்கம் போய்க் குத்தும். திரும்பிப் பார்த்தேன். கொலின் அதே தட்டின் மேல் குனிந்து எலுமிச்சைத் துண்டு வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய இரண்டு தட்டுகள் வெளியே போய்விட்டன.

கரண்டியைப் போட்டுவிட்டு ஏப்ரனோடு சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனேன். ஜன்னலோர மேசையில் மார்கரெட் தன் தங்கையோடு இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் வருபவர். தங்கை நண்டை ரொட்டியில் பூசிக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் கடிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டு இரண்டு தட்டுகளையும் தூக்கினேன். தங்கையின் கையிலிருந்த ரொட்டித்துண்டையும் கேட்டு வாங்கினேன். பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெலன், கொலினின் மனைவி, வைன் போத்தலோடு அப்படியே நின்றார்.

கொலினும் ஹெலனும் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு அது எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில்தான் நினைவில் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நான் அனுப்பின தட்டைத் திருப்பிக்கொண்டுவர நீ ஆர்?" என்று கொலின் கத்தினார்.

"நண்டு பழுதாப் போச்சு, ஷெஃப்."

"விசர்க்கதை கதைக்காத. வெள்ளிக்கிழமை நானே செய்தது."

நான் தட்டை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் மூச்சை ஆழமாக இழுத்தார். திரும்பவும் இழுத்தார். அந்த நாற்றத்துக்கு யாருடைய முகமும் சுருங்கும். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மிச்சக் கிண்ணங்களைக் குப்பையில் கொட்டினேன். நண்டு முடிந்துவிட்டதாகப் பரிமாறுகிற பிள்ளைகளிடம் சொன்னேன். பிறகு பார்த்தபோது, அந்தக் குளிர்ப்பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து ஒரு மூலையில் குளிர் பிடிக்காமல் போயிருந்தது. அது எந்தக் குசினியிலும் நடக்கக்கூடியது. கொலினுக்கு அது மணக்காததுதான் நடக்கக்கூடாதது.

2. நான் அங்கே நின்ற காரணம்

மெல்பேர்னிலிருந்து கிழக்கே, மாட்டுப் பண்ணைகளைத் தாண்டிக் கடலைத் தொடும் ஒரு சின்ன ஊர் அது. கொலின் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பிறந்தவர். தன் ஊர்ச் சாப்பாட்டை இந்தக் கரையின் மீனிலும் இறைச்சியிலும் சமைத்தார். பழைய பிரிட்டிஷ் சாப்பாடுதான், ஆனால் அளவு சிறிது, கொழுப்புக் குறைவு, தட்டு அழகு. 'மொடேர்ன் பிரிட்டிஷ்' என்று வாசலில் எழுதியிருந்தது. வார இறுதியில் நகரத்திலிருந்து கார் ஓடி வந்து சாப்பிடுவார்கள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவியாக வந்து மெல்பேர்னில் சமையல் படித்தவள். படித்து முடித்து வேலை தேடிய இடங்களில் எல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கறி செய்வாய்தானே?" என்று கேட்டார்கள். ஒரு ஹொட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை பொரிக்க மட்டும் விட்டார்கள். கொலின் முதல் நாளே ஒரு மீன் எலும்புக் குவியலைத் தள்ளி, "இதில சோஸ் ஒண்டு செய்து காட்டு" என்றார். காட்டினேன். சோஸ் செக்ஷனைத் தந்தார். நாளடைவில் அவருக்கு அடுத்த இடம், சூ-ஷெஃப், எனக்கு வந்தது. என் விசாவுக்கு ஸ்பொன்சரும் அவர்தான். என் கணவர் சிவாவின் வேலை அனுமதியும், மெல்பேர்னில் எங்கள் வீடிருந்த கிளென் வேவர்லியில் மகளின் பள்ளியும் அந்த விசாவில்தான் தொங்கின. கடை மூடுகிற திங்களும் செவ்வாயும் நான் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்கள் உணவகத்தின் மேல்மாடி அறை.

நண்டு சம்பவம் நடந்த பின்னேரம் கொலின் என்னைக் குசினியின் பின்பக்கம் கூப்பிட்டார். பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார்.

"போன மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மணமே இல்லை," என்றார். "உப்பு, புளி, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியுது. மற்றதெல்லாம் வெறும் தண்ணி. வரலாம், வராமலும் போகலாம் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"ஹெலனுக்குத் தெரியுமா?"

"இல்லை. நீயும் சொல்லாத."

"நீங்கள் சொல்லாட்டி இனி இந்தக் குசினிக்கு நான் வரமாட்டன், ஷெஃப். இண்டைக்கு அந்தத் தங்கச்சி கடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும்?"

அவர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு எழுந்து மண்டபத்துக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்கூடாகப் பார்த்தேன். ஹெலன் முதலில் கோபப்பட்டார். பிறகு கதிரையில் இருந்த அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

சிவாவிடம் போனில் சொன்னேன். "நீர் ஏன் அங்க நிண்டு கஷ்டப்படுறீர்?" என்றார். "இங்க டான்டினோங் பக்கம் எத்தினை ஹொட்டல் இருக்கு. இப்பவே வேற ஸ்பொன்சர் பாருமன்."

"பார்க்கலாம். ஆனா அங்க போனா திரும்பவும் முட்டைதான் பொரிக்கோணும். நான் இங்க நிக்கப் போறன்."

"அந்தக் கடை மூடினா?"

"மூட விடமாட்டன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

3. மூன்று கரண்டி

அதற்குப் பிறகு எந்தச் சோஸும் நான் மணந்து பார்த்துச் சொல்லாமல் தட்டுக்குப் போகவில்லை. மீன்காரர் வந்தால் பெட்டியைத் திறப்பது நான். சொல்ல இலேசு, செய்யக் கஷ்டம். பட்டரைக் காய்ச்சும்போது அது பொன்னிறத்திலிருந்து பழுப்பாகிற ஒரு கட்டம் உண்டு. அதைத் தாண்டினால் கருகிவிடும். கண்ணுக்கு முதல் மூக்குக்குத் தெரியும்.

"இப்ப எப்பிடி மணக்குது?" என்று கேட்பார்.

"எள்ளு வறுக்கிற மாதிரி."

"அது எனக்குத் தெரியாது. ஹேசல்நட் மாதிரியா, பிஸ்கட் மாதிரியா?"

எனக்கு ஹேசல்நட் சரியாகத் தெரியாது. ஒரு பைக்கட் வாங்கி, வறுத்து, மணந்து பழகினேன். அவர் தன் ஞாபகத்திலிருந்து கேட்பார், நான் என் மூக்கிலிருந்து சொல்வேன், இடையில் ஒரு சொல்லைப் பிடிப்போம். இப்படி ஒவ்வொரு உணவுக்கும் சொல் தேடினோம்.

சண்டையும் வந்தது. மார்கரெட் ஒருநாள் ஹெலனிடம், "மாட்டிறைச்சிக் கிரேவி கொஞ்சம் புளிக்குது, முந்தி இப்பிடி இல்லை" என்று சொல்லிவிட்டார். கொலின் என்மேல் பாய்ந்தார்.

"நீ என்ர சாப்பாட்டை உன்ர சாப்பாடு ஆக்குறாய்."

"நான் மாத்தேல்லை. கொழுப்பு நாத்தம் தூக்கலா இருந்தது, அதுக்குத்தான் வினிகர் விட்டன்."

"அது நாத்தமில்லை! அதுதான் கிரேவி!"

இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்று கத்தினோம். ஹெலன் உள்ளே வந்து, ஒரு கரண்டியை எடுத்து வினிகர் விட்ட சட்டியிலும் விடாத சட்டியிலும் தொட்டுப் பார்த்தார். "வதனி, இதில வினிகர் கூட. கொலின், மற்றதில கொழுப்பு உண்மையாவே கூட," என்றார். மாட்டுக்கொழுப்பின் மணம் எனக்குப் பிடிக்காது என்பதையும், பிடிக்காததைப் பழுது என்று எடுத்துக்கொண்டேன் என்பதையும் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். பழுதைக் கண்டுபிடிக்க என் மூக்குப் போதும். இங்கே சாப்பிட வருபவர்களின் ருசிக்கு இன்னொரு வாய் தேவை. அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டிக்கும் மூன்று கரண்டி: என்னுடையது மணத்துக்கு, கொலினுடையது உப்புக்கு, கடைசியாக ஹெலனுடையது.

4. காஸ்

குளிர்காலம் தொடங்கியிருந்தது. கொலின் காலையில் தனியே வந்து ரொட்டி போடுவார். ஒருநாள் நான் மாடியிலிருந்து இறங்கி, முற்றத்தைச் சுற்றிப் பின்கதவைத் திறந்ததும் காஸ் மணம் முகத்தில் அடித்தது. பழைய அடுப்பு, துடைக்கும்போது யாரோ ஒரு குமிழைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். எல்லா ஜன்னல்களும் குளிருக்குப் பூட்டியிருந்தன. கொலின் ஒவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கையில் லைட்டர்.

"பத்தவையாதேங்கோ!" என்று தமிழில்தான் கத்தினேன். சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியிருக்கும். கை நின்றது. நான் லைட்டரைப் பறித்தேன், அவரைக் கையில் பிடித்து வெளியே இழுத்தேன், வெளியே சிலிண்டரின் வால்வை மூடினேன்.

முற்றத்தில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். ஹெலன் வந்து நடந்ததைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனார்.

"காணும், இது போதும்," என்றார். "ஒரு மனுசன் கடையை வாங்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மீனும் சிப்ஸும் போடப்போறாராம். நான் இண்டைக்கே கதைக்கிறன்."

கொலின் மறுப்பார் என்று பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"விக்கவேண்டாம்," என்றேன். "குசினியை என்னட்டைத் தாங்கோ."

"உன்னட்டையா?" என்றார் கொலின்.

"ஓம். நீங்கள் அடுப்புக்குக் கிட்ட வரக்கூடாது. காஸ் பிடிக்கிற அலாரம் பூட்டுவம். இன்னொரு ஆளைச் சமையலுக்கு எடுப்பம். நீங்கள் மண்டபத்துக்குப் போங்கோ."

"நான் மண்டபத்தில என்ன செய்யிறது? எனக்குச் சனத்தோட கதைக்கவே தெரியாது."

"ஞாயிறு ரோஸ்டை மேசைக்குக் கொண்டுபோய் வெட்டிக் குடுங்கோ. உங்களைப் போல இறைச்சி வெட்ட எனக்கு ஏலாது."

ஹெலன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "மூண்டு மாதம் பார்ப்பம்," என்றார். "சரிவராட்டி விக்கிறதுதான்."

5. என்னுடைய பாஸ்

விஷயத்தை ஒளிக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். முதல் ஞாயிறு கொலின் வெள்ளை ஜாக்கெட் போட்டு, ரோஸ்ட் இறைச்சி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனார். முதல் மேசையில் அவருடைய குரல் தடுமாறியது.

"எனக்கு மணம் போயிட்டுது. அதால இனி இங்க தலைமைச் சமையல் வதனி. இறைச்சி வெட்ட மூக்குத் தேவையில்லை, அதால நான் இங்க நிக்கிறன்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூன்றாவது மேசைக்குப் போனபோது கதை நீண்டது. மார்கரெட் தன் முறை வந்ததும் என்னவெல்லாம் இன்னும் ருசிக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கி, இறைச்சி ஆறும்வரை விடவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. செய்தி பரவியதும் சிலர் பதிவு செய்த மேசையை வேண்டாம் என்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், டெஸ் என்று பெயர், பெரிய உடம்பு, கொலினிடம் சத்தமாகவே கேட்டார்: "அப்ப இனிக் கறிதானா?" பாஸ் மேசையில் நின்ற எனக்கு அது கேட்டது. கொலின் மெனுவை அவர் முன்னால் வைத்து, "வாசிச்சுப் பார். ஒண்டும் மாறேல்லை" என்று மட்டும் சொன்னார்.

டெஸ், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுடும் மாட்டிறைச்சி பை கேட்டார். நான் அதை இரண்டு தரம் பார்த்து அனுப்பினேன். சிறிது நேரத்தில் ஹெலன் வந்து, "டெஸ் உன்னைக் கூப்பிடுறார்" என்றார். புதிதாக எடுத்த சமையல்காரப் பெண் என்னைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். என்ன சொன்னாலும் நிமிர்ந்து நின்று கேட்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

"உள்ளுக்கு நல்லா இருக்கு," என்றார். கத்தியால் பையைத் தூக்கிக் காட்டினார். "ஆனா அடி மா ஈரமாக் கிடக்கு. பார்."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. புது அலாரம் பூட்ட ஒவனை இடம் மாற்றியிருந்தோம். மாற்றியதிலிருந்து அதன் அடிப்பக்கம் சரியாகச் சூடாகவில்லை.

"உண்மைதான். வேற கொண்டுவாறன்," என்றேன்.

குசினிக்குத் திரும்பியபோது என் முகத்தில் சிரிப்பு. புதுப்பெண் பயந்து, "என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். பை அடி ஈரமாம் என்றேன். அதற்கு ஏன் சிரிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் என் நிறத்தைப் பற்றியோ கறியைப் பற்றியோ பேசாமல், நான் செய்த மாவைப் பற்றி மட்டும் ஒருவர் முறைப்பாடு சொன்னது அதுதான் முதல் தடவை. இரும்புத் தட்டொன்றை முன்கூட்டியே சூடாக்கி, அதன்மேல் வைத்துப் புதிய பையைச் சுட்டேன். டெஸ் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். போகும்போது அடுத்த ஞாயிறுக்கும் மேசை சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தின் முடிவில் ஹெலன் விற்கும் பேச்சை எடுக்கவே இல்லை. எங்களுடைய நிரந்தர வதிவிடம் பிறகு கிடைத்தது. கொலினுக்கு மணம் முழுதாகத் திரும்பவில்லை. கோப்பி இப்போதும் கருகிய ரப்பர் மாதிரித்தான் இருக்கிறதாம். ஆனால் மண்டபத்திலிருந்து அவரைக் குசினிக்குள் கூப்பிட்டால், வரமாட்டேன் என்கிறார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது இந்த நாட்டுக் குசினிகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன் இடம் கறிச்சட்டியடிதான் என்று ஒருவர் தீர்மானித்தால் அங்கே நின்றுவிடாதே. எந்த அடுப்பு வேண்டுமோ அதைக் கேள். தந்த பிறகு, பையின் அடி ஈரமென்று ஒருவர் சொன்னால், குனிந்து பார்.