கேபிள் வயரில் ஒரு மாட்டு முடிச்சு

என் வாழ்நாளில் நான் திருடிய ஒரே பொருள் நான்கு பாகம் கேபிள் வயர். இரண்டு கையையும் அகல விரித்து அளந்தால் ஒரு பாகம், அப்படி நான்கு. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது கூச்சமில்லை. நாங்கள் குடியிருந்த செல்லூர்த் தெருவே அதைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த வயரைக் குறித்து நான் ஒரு பொய் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது பொய் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் என் மனைவியும் எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். எனக்குக் காளவாசல் அருகே ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் வேலை. செல்லூரில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் கீழே இரண்டு கைத்தறி போட்டிருந்தார். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலுக்கு வந்தால் மதுரைத் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை வாத்தியாரே என்பார்.

எங்கள் டிவி முன்னறையில் இருந்தது. அங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தவன் நான். செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்க எனக்கு அது வசதி. மனைவி பார்க்க விரும்பிய தொடர் மாலையில், சரியாக அவள் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் வரும். அடுப்படி கடைசியில். அவளுக்குக் காது மட்டும்தான் எட்டும். அழுவது மருமகளா நாத்தனாரா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டால், "போயிட்டாளா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். நான், "ம்" என்பேன். சில நேரம் யார் போனது என்று நானே பார்த்திருக்க மாட்டேன்.

ஒருநாள் கடைத்தெருவில் ஒரு வாரப் பத்திரிகை அட்டையைக் காட்டி, "இது யாருங்க? லட்சணமா இருக்காளே" என்றாள்.

"நீ தெனம் திட்டுறியே, அந்த வில்லிதான்."

நின்றுவிட்டாள். "இம்புட்டு ஒல்லியாவா இருக்கா? குரலைக் கேட்டு எம்பது கிலோ இருப்பாண்டுல்ல நெனச்சேன்."

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக இவள் தன் வீட்டு டிவியைப் பார்க்கவேயில்லை.

அடுப்படிக்கு அடுத்த அறைக்கு டிவியை மாற்ற நான்கு பாகம் வயர் கூடுதலாக வேண்டும். எங்கள் பகுதிக்குக் கேபிள் கொடுத்தவர் முப்பது வயதுக்காரர். ஏணியைச் சைக்கிளில் சாய்த்துக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். சொன்னேன். "நாளைக்கு வாரேன் சார்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கம்பம் சாய்ந்து, அவர் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் அலைந்துகொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் கோபம் குறைந்திருக்குமா என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போனேன். தெருவுக்கு வரும் வயர் முதலில் எங்கள் மாடிக்குத்தான் வரும். அங்கே தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் எங்கள் வீட்டுக்கு. இன்னொன்று கீழே வீட்டுக்காரருக்கும் அவரைத் தாண்டி இருக்கும் ஏழு வீடுகளுக்கும். அந்த இரண்டாவது வயரில் ஒரு சுருள் கைப்பிடிச் சுவரில் தொங்கியது. என்றாவது டிவியைத் தறிக்கூடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், நெய்துகொண்டே பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லி விடவைத்த சுருள். அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், சும்மாதானே தொங்குகிறது என்று நினைத்தேன்.

"அந்தத் தம்பி வரட்டுமேங்க" என்றாள் மனைவி.

"பதினஞ்சு வருசமா அலைவரிசையைப் பத்தி பாடம் எடுக்குறேன். ஒரு வயரை ஒட்டத் தெரியாதா?"

சுருளில் நான்கு பாகம் வெட்டி எங்கள் வயரோடு சேர்த்தேன். அந்த ஒட்டைப் பொறுமையாக, புத்தகத்தில் இருப்பதுபோலச் செய்தேன். நடுக்கம்பி தனியாக, மேல்வலை தனியாக, ஒன்றோடொன்று படாமல். டிவி அடுத்த அறைக்குப் போனது. படம் கண்ணாடி மாதிரி.

வெட்டிய இடத்தில் அடுத்தவர் வயரை ஒட்டும்போது வெயில் ஏறிவிட்டது. பொறுமை போய்விட்டது. காற்றில் இழுபட்டு ஒட்டு பிரிந்துவிடக் கூடாதே என்று, இரண்டு முனைகளையும் முதலில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். சிறுவயதில் மாட்டுக் கயிறு அறுந்தால் போடும் முடிச்சு. காளை இழுத்தாலும் பிரியாது. பிறகு கம்பிகளை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைக் கொழுக்கட்டை அளவுக்குச் சுற்றினேன். கேபிள் வயரை அப்படி இறுக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் நசுங்கும், அலை போய்ச் சேராது. இது மாணவன் எழுதினால் நான் மதிப்பெண் போடுகிற விஷயம். கை அதையெல்லாம் யோசிக்கவில்லை.

அன்று மாலை எட்டு வீட்டிலும் படம் போய்விட்டது. ஒரே புள்ளி. ஆள் நடப்பது மழைக்குள் நடப்பதுபோல இருந்தது. கீழேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"வாத்தியாரே, உங்களுக்குத் தெரியுதா?"

"இங்கயும் கொஞ்சம் அப்பிடித்தாண்ணே இருக்கு" என்றேன்.

அது என் முதல் பொய். சின்னது. ஆனால் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஜன்னலைச் சாத்தினோம். டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தோம். என் மனைவி தோசைக்கரண்டியோடு அறை வாசலில் நின்று, உதடு அசைவதை உற்றுப் பார்த்தாள்.

"நல்லா செஞ்சீங்க போங்க. ரெண்டு வருசமா கேட்டேன், பாக்கல. இப்பப் பாக்குறேன், கேக்கல."

கேபிள்காரர் மறுநாளே வந்தார். கம்பம் கம்பமாக ஏறினார். கம்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மாடிக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தார், அதுவும் சரி. சுருளை அவர் பார்க்கவில்லை. தன் கையால் முழு வயராக விட்ட சுருளில் ஒட்டு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள், அடுத்த தெருவில் புதிதாகக் கேபிள் தொழில் தொடங்கியிருந்த ஒருவர் வந்து, தெருவைக் காலால் அளந்துவிட்டுப் போனார். எங்கள் தெரு எங்கள் கேபிள்காரர் கையைவிட்டுப் போனால் அதைத் தாண்டியிருந்த மூன்று தெருக்களும் போய்விடும். வயர் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அவருடைய பிழைப்பில் பாதி அது. எனக்கு அது தெரியும்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் எட்டு வீட்டுக்காரர்களும் கூடினார்கள். எங்கள் வீட்டுக்காரர் சொல்வதைத்தான் தெரு கேட்கும்.

"ஏன் மாப்ள, காசு வாங்குறப்ப மட்டும் எங்க வீட்டுக் கதவு தெளிவாத் தெரியுது. படம் தெரியலையே?"

"அண்ணே, எங்கிட்ட ஒரு தப்பும் இல்லண்ணே. அம்புட்டையும் பாத்துட்டேன்" என்றார் கேபிள்காரர். சுற்றிலும் பார்த்தார். மாடிப்படியில் நின்ற என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "சார் படிச்சவரு. பிசிக்ஸ் வாத்தியாரு. சார் சொல்லட்டும்ணே. சார் சொன்னாச் சரி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வயரு கொஞ்சம் மட்டமான வயராத் தெரியுது" என்றேன். "உள்ள செம்பு சரியில்லைண்ணா தூரம் போகப் போக அலை குறையும்."

பாடம் எடுக்கும் குரலில் சொன்னேன். அதனால் எல்லாரும் நம்பினார்கள். கேபிள்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சார் சொன்னாச் சரிண்ணே. ரெண்டு நாள் குடுங்க, வயரை மாத்திடுறேன்" என்றார்.

சொன்னபடி புது வயரோடு வந்தார். பழையதை அவிழ்த்துக் கீழே விட, வீட்டுக்காரர் வாசலில் நின்று சுற்றி வாங்கினார். நூல் சுற்றிய கை; பார்க்காமலே சுற்றும். பேசிக்கொண்டே சுற்றியவர் சட்டென்று நின்றார். விரலுக்குள் ஒரு புடைப்பு.

டேப்பை உரித்தார். முடிச்சு வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தன் மனைவியைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாப்ள, இது உன் வேலை இல்ல" என்றார் வீட்டுக்காரர், கேபிள்காரரிடம். "எங்க ஆளுக வேலையும் இல்ல. நாங்க இழை அறுந்து முடிஞ்சா முடிச்சு எங்கண்டு எங்களுக்கே தெரியாது. அம்புட்டுப் பொடிசா இருக்கும். இது மாட்டைக் கட்டுறவன் போட்டது. இந்தத் தெருவுல யாரு மாடு வச்சிருக்கா?"

யாரும் வைத்திருக்கவில்லை. மேலே படியில் நின்ற என் மனைவி முடிச்சை எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஊருல கயிறு அறுந்தா இப்பிடித்தாண்ணே கட்டுவாக" என்றாள். "அந்தக் காளை எங்கிட்டும் ஓடல. இங்கதான் நிக்குது."

தெரு சிரித்த சிரிப்பில் பக்கத்து விசைத்தறிச் சத்தம்கூட அமுங்கிப் போனது. நானும் சிரித்தேன். சுருளை வெட்டியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வீட்டுக்காரர், "வாத்தியாரே, கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்ல. அடுத்த தடவை எனக்குத் தறியில ஒரு பாவு நூல் பிணைச்சுக் குடுங்க, சேலையை மாட்டுக்குப் போத்தலாம்" என்றார். கேபிள்காரரும் விழுந்து விழுந்து சிரித்தார். தெரு அவர் கையை விட்டுப் போகவில்லை. என் மனைவி அன்று மாலை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தொடர் பார்த்தாள், கேட்கவும் செய்தாள்.

ஆனால் வயர் மட்டம் என்று நான் சொன்னதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. முடிச்சுச் சிரிப்பில் அது அடிபட்டுப் போயிற்று என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்கக் கேபிள்காரர் எங்கள் தெருவில் இருந்த மீதி வயரையும் மாற்றினார். நான் பள்ளிக்குப் போகும்போது ஏணியில் நின்றிருந்தார், திரும்பும்போதும் நின்றிருந்தார். அது நல்ல வயர். வெட்டியவன் நான், செம்பு எப்படியிருந்தது என்று கையில் பிடித்துப் பார்த்தவன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. புது வயர் வாங்கும்போதெல்லாம் ஒரு துண்டைக் கொண்டுவந்து, "சார், இது பரவாயில்லையா?" என்று காட்டுவார். கேலியில்லை. மரியாதையாகத்தான் கேட்பார். நான் வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோலப் பார்த்து, "நல்லாருக்கு தம்பி" என்பேன். அவர் சற்று நேரம் நிற்பார். பிறகு போவார்.

வருடங்கள் போயின. நான் ஓய்வு பெற்றேன். டிவிக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்தால்தான் படம் தெரியும் என்ற காலம் வந்தது. முழங்கால் வலியில் மனைவி அடுப்படியில் நிற்பதைக் குறைத்திருந்தாள். சமையலில் பாதி என் கைக்கு வந்திருந்தது. டிவியையும் பெட்டியையும் முன்னறைக்கே கொண்டுபோகலாம் என்று முடிவானது. கேபிள்காரர் வந்தார். மீசையில் நரை. பையிலிருந்து ஒரு வயர்த் துண்டை எடுத்து வழக்கம்போல நீட்டினார்.

"சார், இது பரவாயில்லையா?"

நான் வாங்கவில்லை. "தம்பி, அன்னைக்கு உன் வயரு நல்ல வயருதான். நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் நிதானமாக உட்கார்ந்து வயரின் முனையைச் சீவினார். "தெரியும் சார்."

"பின்னே ஏன் அம்புட்டையும் மாத்துன?"

"நீங்க சொல்லிட்டீங்கள்ல. அந்த வயரை விட்டு வச்சிருந்தா, அப்புறம் எப்பப் புள்ளி விழுந்தாலும் வயரைத்தான் சொல்லுவாங்க. உங்க சொல்லுக்கு மேல எஞ்சொல்லு நிக்குமா?"

"அப்ப ஒவ்வொரு தடவையும் எதுக்கு எங்கிட்ட வந்து கேட்ட?"

"கேட்டுக்கிட்டே இருந்தா என்னைக்காவது சொல்லிருவீங்கண்டுதான்" என்றார். "ரொம்ப நாளாக்கிட்டீங்க சார்."

என் மனைவி நாற்காலியில் இருந்தபடி, "தம்பிகிட்ட மட்டும் சொல்லி என்ன? அன்னைக்கு எட்டு வீட்டுக்கு முன்னாடில்ல சொன்னீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் கீழே இறங்கினேன். வீட்டுக்காரர் இப்போது தறி நெய்வதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டுக்காரரும் இரண்டு வீடு தள்ளி இருந்தவரும் உடன் இருந்தார்கள். எட்டில் மூன்று வீடு. நின்றுகொண்டே சொன்னேன், மாணவன் ஒப்பிப்பதுபோல: அந்த வயர் நல்ல வயர், மட்டம் என்று நான் சொன்னது பொய், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மற்ற ஐந்து வீட்டுக்கும் சாயங்காலம் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிச்சை நான் அன்னைக்கே அவுத்துட்டேன் வாத்தியாரே. நீங்க இம்புட்டு நாளா அதைப் பிடிச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றவர், மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார். "மாப்ள, உன் வயரு நல்ல வயருதானாம்ல!"

"ஆமாண்ணே, எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

நான் படியேறி வந்தபோது அவர் இரண்டு வயர் முனைகளை என் கையில் கொடுத்தார். "சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க சார். முடிச்சுப் போட்றாதீங்க."

அவர் இணைக்கும் வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.