பொலிஸ்காரி சொல்லி முடித்த மறுபாதி

என் கணவர் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு இனிப்பு. அது என் கைப்பைக்குள்ளேயே இருந்தது. ஆனால் பையைத் திறக்க என்னை விடவில்லை. கையை உள்ளே விடப் போனால் பொலிஸ் கத்தியது. மெக்சிகோவில், வெயில் கொளுத்திய ஒரு மலைவீதியில், பாஷை தெரியாமல் நான் தவித்து நின்ற நிலை அதுதான். அன்பானவர்களே, அந்த இடத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் செபக் குழுவுக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஒரு இடத்தில் இருக்க மாட்டேன். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது கதிரையைக் கோணலாகப் போட்டிருந்தால் எழும்பிப் போய் நேராக்குவேன். என் மகள் ஷாரன், "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் சிற் டவுன், பாக்கவே எனக்குக் களைக்குது" என்பாள். என் கணவர் அன்ரன் நேர் எதிர். மன்னார்க்காரர், பேச்சே குறைவு. தனக்குச் சீனி வருத்தம் இருப்பதைக் கூடப் பிறந்த தம்பிக்கே சொல்லாதவர். கலியாண வீட்டில் கேசரி நீட்டினால் வாங்கித் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் பேச்சு வாங்குவார். சீனி வருத்தக்காரர் என்று எழுதிய வளையம் ஒன்றைக் கையில் மாட்டச் சொல்லி டொக்டர் கொடுத்தார். "நான் என்ன ஆட்டுக்குட்டியே, குறி சுட்டு விடுறதுக்கு?" என்று அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

போன வருடம் தவக்காலத்தில் நாங்கள் இருவரும் மெக்சிகோ போனோம். ஷாரனுக்கு ஒப்பரேசன் நடந்தபோது, அவள் நல்லபடி எழும்பினால் குவாதலூப்பே மாதாவிடம் வருகிறேன் என்று நேர்ந்திருந்தேன். அந்த நேர்ச்சைக்குத்தான் பயணம். ஸ்பானிஷ் தெரியாமல் எப்படி என்று கேட்டவர்களிடம் போனைக் காட்டினேன். மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றை ஷாரன் அதில் போட்டுத் தந்திருந்தாள். "நீங்கள் இதில ரைப் பண்ணினாக் காணும் அம்மா, அது கதைக்கும்" என்றாள்.

நேர்ச்சை நல்லபடி முடிந்தது. அத்தோடு திரும்பியிருக்கலாம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாதே. மலைப்பக்கம் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஹோட்டல்காரர் பிடித்துத் தந்த வான் வண்டியில் வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். தவக்கால வெள்ளி என்பதால் அன்ரன் ஒருசந்தி உபவாசம். காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் பாணும் தின்னாமல் வந்து வண்டியில் ஏறினார். நான் சத்தம் போட்டேன்.

"மாதாவிட்ட வெறும் வயித்தோட போறன். நீர் கத்தாதையும்" என்றார்.

உச்சி வெயில் நேரம், ஒரு வளைவில் பொலிஸ் வீதியை மறித்து நின்றது. வழமையான சோதனைதான். எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். எங்கள் சாரதியைப் பத்திரங்களோடு மறுபக்கம் வரச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அன்ரன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பாஸ்போட்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வீதி நடுவே நேராக நடக்கத் தொடங்கினார்.

ஏன் நடந்தார் என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்சில் இருந்து எல்லாரும் இறங்குவோம். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறுவோம். கனடாவுக்கு வந்து தலை நரைத்த பிறகும் அவருடைய கால் அதை மறக்கவில்லை. சீனி இறங்கி மூளை மங்கிப்போன அந்த நேரத்தில் அவர் மெக்சிகோவிலேயே இல்லை, மதவாச்சிச் சோதனைச் சாவடியில் நடந்துகொண்டிருந்தார்.

பொலிஸ் நிற்கச் சொல்லிக் கத்தியது. அவர் நிற்கவில்லை. தள்ளாடினார். இரண்டு பேர் ஓடி வந்து அவரைப் பிடித்து வீதியோரம் இருத்தினார்கள். அவருக்கு வேர்த்து ஊற்றியது. வாய் குழறியது. ஒரு பொலிஸ்காரர் மற்றவரைப் பார்த்து, பெருவிரலை வாயருகே வைத்துக் காட்டினார். குடித்திருக்கிறாராம்! வாழ்நாளில் பியரைக்கூட மணந்து பார்க்காத மனிதர். அவர்களிலும் பிழை இல்லை. வீதி நடுவே ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். சாரதிக்காவது தெரியுமா என்றால், அவருக்கும் நாங்கள் வருத்தத்தைச் சொல்லியிருக்கவில்லை. அவர் தூரத்தில் நின்று தோளைக் குலுக்கினார்.

நான் பாய்ந்து இறங்கி, இனிப்பை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். ஒரே சத்தம். ஒருவர் துவக்கை நிமிர்த்தினார். நான் கையை உயர்த்தினேன். பையை வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் வண்டியின் முன்பக்கத்தில் வைத்தார்கள். போன் மட்டும் என் கையில் இருந்தது. பார்த்தால் சிக்னல் இல்லை. மகள் போட்டுத் தந்த ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? சிங்களம்! "மாத்தையா, அசனீப்பாய், மாத்தையா, அசனீப்பாய்" என்று கெஞ்சினேன். ஐயா, அவருக்குச் சுகமில்லை என்று அர்த்தம். சீருடையும் துவக்கும் கண்ட உடனே, இளவயதில் பழகிய பாஷை தானாக வந்துவிட்டது. அந்த மெக்சிகோக்காரர்கள் பாவம், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தமிழில் கத்தினேன். பிறகு இங்கிலிஷில் கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்கள் என்னை இன்னும் தள்ளி நிறுத்தினார்கள். அன்ரனின் தலை ஒரு பக்கம் சரிந்தது.

அவர் இருந்த இடத்துக்கு ஓட வேண்டும், ஓடினால் பிடிப்பார்கள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தேன். மனதுக்குள் மாதாவிடம் சண்டை பிடித்தேன். "உம்மைத் தேடி வந்த இடத்திலேயா இவரைப் பறிக்கப் போகிறீர்? மகளுக்கு நான் என்ன சொல்ல? ஏதாவது செய்யும், இப்பவே செய்யும்!" இதுதான் என் மன்றாட்டு. இதில் பக்தி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கோபமும் பயமும்தான் இருந்தது.

அந்த நேரம் என் வாய் தானாகத் தொடங்கியது: "தியோஸ் தே சல்வே, மரீயா..."

அருள் நிறைந்த மரியே செபத்தின் ஸ்பானிஷ் அது. எப்படி எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன். செபமாலை மாதத்தில் எங்கள் ஸ்காபரோ கோயிலில் செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிச் செபத்தையும் ஒவ்வொரு பாஷையில் சொல்வோம். பிலிப்பைன்ஸ்காரர் ஒன்று, நாங்கள் ஒன்று, ஸ்பானிஷ்காரர் ஒன்று. ஸ்பானிஷில் தொடங்கிவைக்கிற ரோசா என்ற எல்சல்வடோர் பெண்ணுக்கு ஒருமுறை முழங்கால் வீங்கி வர முடியவில்லை. நான் சும்மா இருப்பேனா? நான் சொல்கிறேன் என்று எழும்பிவிட்டேன். ரோசா போனில் சொல்லித் தந்தாள். தொடங்குகிறவர் முன்பாதியைச் சொன்னால் போதும், மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். அதனால் எனக்கு முன்பாதி மட்டும்தான் தெரியும். கடைசியில் நோயாளிகளுக்காக ஒரு மன்றாட்டுக் கருத்து சொல்ல வேண்டும், அதையும் பாடமாக்கியிருந்தேன்.

வீதியோரத்தில் நின்று முன்பாதியைச் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் இல்லை. திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன், இன்னும் சத்தமாக. பின்னால் நின்ற ஒரு இளம் பொலிஸ்காரியின் உதடு அசைந்தது. மூன்றாம் முறை நான் நிறுத்தியதும் அவளுடைய குரல் கேட்டது.

"சாந்தா மரீயா, மாத்ரே தே தியோஸ்..."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அப்படித்தானே. போனை நோண்டிக்கொண்டிருந்தாலும், முன்பாதி காதில் விழுந்தால் வாய் மறுபாதியைச் சொல்லிவிடும். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே ஆச்சரியம். என்னைப் பார்த்தாள். அதுவரை பைத்தியக்காரியைப் பார்ப்பது போலத்தான் எல்லாரும் பார்த்தார்கள். இவள் ஒரு அம்மாவைப் பார்ப்பது போலப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் நான்தான் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த நோயாளிகளுக்கான கருத்து நினைவுக்கு வந்தது. அன்ரனைக் காட்டி, "என்ஃபெர்மோ" என்றேன். நோயாளி. அடுத்ததாக, ஹோட்டலில் ஒவ்வொரு நாளும் அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி போட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்லும் வந்தது. "அசூக்கார்! அசூக்கார்!" என்றேன். சீனி. ஊசி போடுவது போல வயிற்றில் விரலால் குத்திக் காட்டினேன். அவர்களும் எங்களைப் போலவே அந்த வருத்தத்தைச் சீனி என்றுதான் சொல்வார்களாம். எனக்கு அது அன்று தெரியாது.

"தியாபேத்திக்கோ?" என்று கேட்டாள்.

"சி! சி!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம்தான். அவள் மற்றவர்களைப் பார்த்து ஏதோ கத்தினாள். வோக்கிரோக்கியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தங்கள் வண்டியில் இருந்த இனிப்புச் சோடாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்ரனுக்கு இன்னும் விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். முதலில் பெருவிரலைக் காட்டிய பொலிஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றி அவருக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என்னையும் விட்டார்கள். நான் போய் அன்ரனின் கையைப் பிடித்தேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது.

அம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிள்ளை என்னோடு இருந்தாள். முன்பாதியை நான் சொல்ல, மறுபாதியை அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தந்தாள். இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்று வருவது அந்தப் பாதியில்தான். சின்ன வயதில் இருந்து தமிழில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். என்ன கேட்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அழுகை அழுகையாக வந்தது.

அம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அன்ரன் கண்ணைத் திறந்தார். சுற்றி நின்ற சீருடைகளைப் பார்த்தார். மெல்ல என்னிடம் கேட்டார்:

"ஐடென்ரியக் காட்டினனீரோ?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. "ஓமப்பா, காட்டினனான். எங்களை விட்டிட்டினம்" என்றேன்.

திரும்பி வந்து இந்தக் கதையைச் சொன்னபோது ஷாரன் கேட்டாள்: "அம்மா, சீரியஸ்லி, காப்பாத்தினது செபமோ, அந்தப் பொலிஸ் கேர்ளோ?" இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, பிள்ளை. நான் கேட்டேன், அவள் வந்தாள். பதற்றத்தில் அவளுடைய பெயரைக்கூட விசாரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் செபமாலையில் 'அந்தப் பிள்ளை' என்றே மன்றாடுகிறேன். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.

ஆண்டவர் உதவுவார் என்று நாங்கள் மொக்குத்தனமாக நடக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தக்காரருக்கு ஒருசந்தி வேண்டாம் என்று எங்கள் பங்குச் சுவாமியே அன்ரனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் இப்போது சனிக்கிழமைகளில் ரோசாவிடம் ஸ்பானிஷ் படிக்கிறேன். உதவி, வருத்தம், ஆஸ்பத்திரி, என் கணவர் என்பவைதான் முதலில் கேட்டுப் படித்த சொற்கள். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக் கடைச் சொற்களுக்கு முதல் இவற்றைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை நெருங்க ரொறன்ரோவில் பொலிஸ் வீதியை மறித்து, சாரதிமார் குடித்திருக்கிறார்களா என்று பார்ப்பது வழக்கம். போன நத்தாருக்கு எங்களையும் மறித்தார்கள். அன்ரன்தான் கார் ஓட்டினார். அவர் கண்ணாடியை இறக்கினார். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. குடித்திருக்கிறீர்களா என்று பொலிஸ்காரர் கேட்க, "நோ சேர். ஐ ஹாவ் டயபெட்டிஸ்" என்றார். கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில். அந்த மனிதருடைய வாயில் இருந்து அந்தச் சொல் வெளியே வந்தது எனக்கு இன்னொரு புதுமை.

உங்களில் யாராவது இப்போது வீதியோரத்தில் நிற்பது போலத் தவித்துக்கொண்டிருந்தால், அமைதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடேயே கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் உளறிய என்னைக் கேட்டவர் உங்களையும் கேட்பார்.

இன்னும் எழுதலாம். ஆனால் குசினிக்குள் இருந்து கூப்பிடுகிறார்: "இஞ்சாரும், தேத்தண்ணி ஆறுது." அந்தக் குரலை எனக்குத் திருப்பித் தந்த மாதாவுக்குக் கோடி நன்றி. நான் போகிறேன், அவர் இரண்டு கோப்பை ஊற்றியிருக்கிறார்.