இஞ்சி தட்டிய பீங்கான் பார்

கிட்டாரை மடியில் கிடத்தி வாசிப்பவன் நான். விரல் நீளத்தில் ஓர் இரும்பு உருளையை இடது கையில் பிடித்துக் கம்பிகளின் மேல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு 'பார்' என்று பேர். நின்று வாசிக்கிறவர்கள் எதிரே இருப்பவர்களைப் பார்த்தாக வேண்டும். நான் குனிந்து என் மடியைப் பார்த்தால் போதும். இந்த வாத்தியம் எனக்குப் பிடித்துப்போக அதுதான் முதல் காரணம்.

ஆனால் எதிரே ஆட்கள் இருப்பது என் உள்ளங்கைக்கு எப்படியோ தெரிந்துவிடும். வியர்த்துக் கொட்டும். தெலுங்கும் உருதும் பேசும் அல்வாலில் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு ஞாயிறு, எல்லோரும் முழங்காலிட்டுக் கண்ணை மூடி மௌன ஜெபத்தில் இருந்தபோது பார் நழுவிவிட்டது. டங்! அதோடு நிற்காமல் பெண்கள் பக்கம் வரை உருண்டு போனது. போதகர் திடுக்கிட்டு, "ஆமென்" என்றுவிட்டார். அன்றைக்கு ஆராதனை சீக்கிரம் முடிந்தது.

பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை விழுந்துச்சுன்னா கீபோர்டே போதும்னு வச்சுக்குவோம்."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வாரம் முழுக்க போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் மூட்டைகளை எடை போடுகிறேன். நாலு பேரோடு சேர்ந்து நான் செய்கிற ஒரே காரியம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான்.

பீங்கான் பார் கையில் வழுக்காது என்று போன் வீடியோவில் ஒருவர் சொன்னதை நம்பி, மகளை விட்டு ஆர்டர் போட்டேன். வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு முனை உருண்டை, மறு முனை தட்டை. சத்தம் இரும்பை விட மெதுவாக, இனிமையாக இருந்தது. ஆனால் தட்டை முனையில் கட்டைவிரலை வைத்தால் ஈர சோப்பு மாதிரி வழுக்கியது. மனம் விட்டுப்போய் அடுப்படி ஃப்ரிட்ஜ் மேலே போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை ஒத்திகை வழக்கம்போல எங்கள் வீட்டில். டீயைக் குடித்துவிட்டு டீச்சர் சொன்னார், "அண்ணி, போன வாரமும் இப்படித்தான். என்னமா இருக்கு டீ!"

"மார்க்கெட்ல இருந்து இவங்க கொண்டு வர்ற இஞ்சிதான். தட்டுறதுக்குப் புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றாள் என் மனைவி. எல்லோருக்கும் காட்டுவதற்காக எடுத்து வந்தாள். அது என் பார்.

அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வேன்? அவர்கள் கிளம்பும் வரை காத்திருந்தேன்.

"அது என் பார்."

"உங்க பார் இரும்புல்ல?"

"இது பீங்கான் பார்."

"பதினஞ்சு நாளா தட்டுறேன். இப்பத்தான் வாய் திறக்கிறீங்க! வெள்ளையா, கைக்கு அடக்கமா அடுப்படியில கிடந்தா நான் வேற என்னன்னு நினைக்க?"

கழுவி வாங்கிப் பார்த்தேன். உருண்டை முனையைப் பிடித்துக்கொண்டு தட்டை முனையால் கல்லில் இடித்திருக்கிறாள். அந்த முனையின் மெருகு மட்டும் தேய்ந்து சொரசொரவென்று ஆகியிருந்தது. கட்டைவிரலை வைத்தேன். அசையவில்லை. பக்கெட்டில் கையை நனைத்துக்கொண்டு வந்து வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

மறுநாள் சபைக்கு அதைத்தான் எடுத்துப் போனேன். பாட்டு முடிந்து மௌன ஜெபம் தொடங்கியது. என் உள்ளங்கையும் தொடங்கியது. லேசாக நிமிர்ந்தேன். போதகர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தார். கட்டைவிரலை அழுத்தினேன். இஞ்சி வாசனை வந்தது. எதுவும் விழவில்லை. விழாததால் ஜெபம் முடியவும் இல்லை. எப்போதையும் விட நீண்டுகொண்டே போனது.

முடிந்ததும் டீச்சர் அடுத்த வாரப் பாட்டுத் தாளை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசி வரிசையில் உட்காரும் பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்.

"ஹவ், ஆமா, நல்லாத்தான் வாசிச்சீங்க தம்பி. ஆனா இவ்வளவு நீள ஜெபம் நக்கோ, வேண்டாம். முட்டி போச்சு. அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை அதைக் கீழ போட்டுருங்களேன்."

"இது பீங்கான் ஐயா, உடைஞ்சிரும்."

முழங்காலை இன்னொரு தடவை தேய்த்தார்.

"அப்ப அந்த இரும்பையும் பையில வச்சுக்குங்க."