வெள்ளைக் கோட்டும் துணிக் கிளிப்பும்

நான் டாக்டரான வேகத்தில் வேறு யாரும் ஆகியிருக்க மாட்டார்கள். பதினோராம் வகுப்பு தொடங்கிய கையோடு திண்டிவனத்தில் நீட் கோச்சிங்கில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே டாக்டர். புத்தகம் கொடுப்பதற்கு முன்பே எங்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டார்கள். ரிசல்ட் வந்த கையோடு பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் தொங்க வேண்டுமே, அப்போது போய் ஆளாளுக்கு ஃபோட்டோ கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? பாடம் நடத்துவதில் இவ்வளவு முன்யோசனை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மொத்த வகுப்புக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு, ஒரே ஸ்டெதாஸ்கோப். கோட்டு யாரோ வாட்டசாட்டமான ஆளுக்குத் தைத்தது. நான் போட்டபோது உள்ளே இன்னொரு மாணவிக்கு இடம் இருந்தது. ஆஃபீஸ் அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்து, தொளதொளப்பை முதுகுப் பக்கம் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே வரிசையாக மாட்டிவிட்டார்.

"திரும்பாத பாப்பா. நேரா பாத்து சிரி."

முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த டாக்டர். பின்னால் பார்த்தால் மொட்டைமாடிக் கொடி. நான் சிரித்தேன்.

என்னைச் சேர்த்துவிட வந்திருந்த அப்பா அந்தப் படத்துக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கினார். கிளியனூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற மனிதர். தன் கல்யாணப் படத்துக்கே ஃபிரேம் போடாதவர், இதற்குப் போட்டார். கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். பூ வைக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

அன்றோடு என் கிளினிக் திறந்துவிட்டது. பெரியம்மா வந்தால் முதலில் புடவையைத் தூக்கி முழங்காலைக் காட்டுவார், அப்புறம்தான் தண்ணீர் கேட்பார். மாமா தன் சுகர் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நீலக் கோடு விழுந்தும் நான் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் தன் மாடு தீனி எடுக்கவில்லை என்று வந்து நின்றார். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒரு தவளையின் உள் உறுப்புகள் மட்டும். அந்தத் தவளைக்கும் உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது என்று தெரியாது.

ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் மாதிரித் தேர்வு. அப்பாவும் கூடவே வருவார். பஸ்ஸில் நான் கண் அசந்தால் விடமாட்டார், முண்டியம்பாக்கம் நெருங்கும்போது தோளைத் தட்டுவார்.

"பாரும்மா, ஒன் காலேஜு வருது."

அரசு மருத்துவக் கல்லூரி வரும், போகும். சாயங்காலம் திரும்பும்போதும் தட்டி எழுப்புவார். காலையில் பார்த்த கட்டடம் அதற்குள் எங்காவது போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ. நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து வைப்பேன்.

எனக்குப் பிடித்தது கணக்கு. நீட்டில் அந்தப் பாடமே கிடையாது என்பதால், கோச்சிங்கில் அது ஒரு கெட்ட பழக்கம். மற்ற பிள்ளைகள் விலங்கியல் புத்தகத்துக்குள் ஃபோனை மறைத்து வைத்துப் பார்ப்பார்கள். நான் கணக்குப் புத்தகத்தை மறைத்து வைத்தேன். கணக்குப் போடும்போது மட்டும்தான் அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ரிசல்ட் வந்தது. நான் தகுதி பெற்றேன். நீட்டில் தகுதி என்பது, கல்யாண மண்டபத்துக்குள் விடுவார்கள், ஆனால் பந்தியில் இலை கிடையாது என்கிற மாதிரி. அரசு இடத்துக்கு என் மதிப்பெண் கிட்டவே போகவில்லை. தனியார் கல்லூரி என்றால் எங்கள் மல்லாட்டைக் கொல்லையை விற்றாலும் காணாது. ஆனால் இந்த விவரமெல்லாம் சென்டருக்கு எதற்கு? பொழுது சாய்வதற்குள் பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. 'வருங்கால மருத்துவர்கள்' வரிசையில் நானும் இருந்தேன், கோட்டோடு, சிரித்துக்கொண்டு.

ஊரே அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கியது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். சென்டரிலிருந்து ஃபோன் வந்தது.

"இவ்ளோ தூரம் வந்துட்டு உட்றாதீங்க. ரிப்பீட்டர் பேட்ச்ல போட்டுடுங்க, ஒரே வருஷம், சீட்டு கன்ஃபார்முங்க."

"யோசிச்சி சொல்றங்க," என்றார் அப்பா.

இதற்கிடையில் நான் திண்டிவனத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கலந்தாய்வு அந்த ஃபோன் வந்த மறுநாள் காலை. போகாவிட்டால் அந்த இடம் போய்விடும், அப்புறம் இன்னொரு வருஷம் தவளைதான். ஃப்ளெக்ஸில் சிரிக்கிற பெண் கணக்குப் படிக்கப் போனால் அப்பா வெளியில் எப்படித் தலைகாட்டுவார்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

சாயங்காலத்திலிருந்து மனதுக்குள் ஒரு பெரிய சொற்பொழிவைத் தயார்செய்தேன். அப்பா அந்தப் படத்துக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது வேறு.

"அப்பா, அந்தக் கோட்டு எனக்குச் சேரவே இல்லப்பா. பின்னாடி ஃபுல்லா கிளிப்பு போட்டுப் புடிச்சிகினு இருந்தாங்க. படத்துல தெரியாது."

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். அப்புறம் சோற்றைப் பிசைந்தார்.

"தெரியும்மா. நான் ஒனக்குப் பின்னாடிதான நின்னுகினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லூரிப் பேச்சை நான் இன்னும் எடுக்கவே இல்லை. அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கி வரச் சொல்லிகிறாங்க?"

அம்மா சமையலறையை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.