முந்திரி போடாத அடுக்கு கேக்

இந்த நினைவு மலருடன் உங்கள் கைக்கு வந்திருக்கும் சிறு பொட்டலத்தை இதற்குள் பிரித்திருப்பீர்கள். அதில் இருப்பது அக்கா செய்து செய்து பழகிய அடுக்கு கேக். அடியில் பிஸ்கட், அதன் மேல் தேங்காயும் சுண்டிய பாலும், மேலே கோகோ. பாலும் மைதாவும் உண்டு. முந்திரி, பாதாம், வேர்க்கடலை எதுவும் இல்லை. எதைக் கொடுத்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது அக்கா எங்களுக்குப் பழக்கிவிட்ட வழக்கம். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் நானும் அப்படியே தொடங்குகிறேன்.

எங்கள் அக்கா சுரக்குடியில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்தவன் நான் ஒருவன்தான். பத்தாம் வகுப்பு வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. ஆனால் விளைச்சல் பொய்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் வீட்டில் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அம்பகரத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமா கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டியவர். ஒரே மகனைப் படிக்க வைத்துப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

அக்கா பயந்த சுபாவம் உள்ளவர். இதை மறைத்து அவரைத் துணிச்சல்காரர் என்று எழுதினால் அவரை அறிந்த நீங்களே சிரிப்பீர்கள். மாமாவின் லாரி வரத் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். போன் மணி அடித்தால் "காளியம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். மகன் ஒரு பொங்கலுக்கு மின்சார ஓவன் வாங்கி வந்தபோது, கரண்டு அடித்துவிடும் என்று மணைப்பலகை மேல் ஏறி நின்று, மரக்கரண்டியால் சுவிட்சைத் தட்டியவர் அவர்.

அந்த ஓவனில் முதலில் செய்த கேக்குகள் எல்லாம் நடுவில் குழி விழுந்தன. பிறகு போனில் பார்த்து இந்த அடுக்கு கேக்கைப் பிடித்துக்கொண்டார். இதில் உப்பி வர வேண்டியது எதுவும் இல்லை, அதனால் அமுங்கிப் போகவும் ஒன்றும் இல்லை. மாரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசைந்து, தட்டில் கொட்டி டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்துவார். அதன் மேல் வறுத்த தேங்காய்த் துருவல், சாக்லேட் துண்டுகள், நுணுக்கிய முந்திரி. எல்லாவற்றின் மேலும் டின் பாலை ஊற்றி ஓவனுக்குள் தள்ளுவார். ஓரம் சிவந்ததும் வெளியே எடுத்து நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும். அவ்வளவுதான் வேலை. தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு டப்பா கொண்டு போவார்.

என் மகள் யாழினி அப்போது இரண்டாம் வகுப்பு. விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். பாயசத்தில் முந்திரி வந்தால் ஒதுக்கி வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அடம் என்று நினைத்திருந்தோம். அந்த அடுக்கு கேக்கில் முந்திரி பொடியாய் இருந்தது, ஒதுக்க முடியவில்லை. தம்பி மகள் வந்திருக்கிறாளே என்று அன்று அக்கா வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போட்டிருந்தார்.

ஒரு துண்டு தின்றுவிட்டு, "அத்தை, வாயெல்லாம் அரிக்குது" என்றாளாம். தண்ணீர் கொடுத்தார். உதடு தடித்தது. உடம்பெங்கும் திட்டுத் திட்டாகச் சிவந்தது. வாந்தி எடுத்தாள். "தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு" என்றாள். அதன் பிறகு பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் சீழ்க்கை போலக் கேட்டது.

மாமா துறைமுகத்தில் இருந்தார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் சாலைக்கு ஓடி, வந்துகொண்டிருந்த பஸ்ஸின் முன்னால் நடுச்சாலையில் நின்றுவிட்டார். ஓட்டுநர் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல் காரைக்காலை நோக்கி ஓட்டினார். அன்று சனிக்கிழமை. திருநள்ளாற்றில் சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம். நடத்துநர் இறங்கிக் கத்திக்கொண்டே முன்னால் ஓடி வழி விலக்கினார். அங்கே இறங்க வேண்டியவர்களும், "எங்களுக்காவ நிறுத்தாதீங்க, போங்க போங்க" என்றார்களாம்.

பஸ்ஸிலிருந்து அக்கா எனக்குப் போன் செய்தார். நான் காரைக்காலில் அலுவலகத்தில் இருந்தேன்.

"தம்பி, புள்ளைய கொன்னுட்டேன்டா."

அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய் நின்றேன். பஸ் நேராக உள்ளே திரும்பியது. அக்கா இறங்கியபோது அவர் தோளில் கிடந்தது என் மகள்தான் என்று அடையாளம் தெரியவில்லை. கண்கள் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கி, உதடு நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே வாங்கிப் போய்த் தொடையில் ஊசி போட்டார்கள். அந்த மூச்சு சிறிது சிறிதாக இளகியதை, நானும், தகவல் கேட்டு ஓடி வந்த என் மனைவி செல்வியும் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நின்றோம். அக்கா உள்ளேயே வரவில்லை. வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

முந்திரி ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னார். ஒரு துகள் போதும், அடுத்த முறை இதைவிட மோசமாகவும் ஆகலாம் என்றார். எங்கே போனாலும் ஊசி மருந்து கையில் இருக்க வேண்டும் என்று, அதைப் போடும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார்.

பிள்ளை வீடு திரும்பினாள். பயமும் கூடவே வந்தது. நம் ஊரில் முந்திரி இல்லாத விசேஷம் ஏது? பொங்கல், கேசரி, பாயசம், கோயில் பிரசாதம், அடுத்த வீட்டுக் குருமா, எல்லாமே எங்களுக்கு விஷமாகத் தெரிந்தன. எங்களைவிட யாழினி அதிகம் பயந்தாள். அம்மா பிசைந்து தரும் தயிர்சாதத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டாள். அதிலும் ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்ப்பாள். பள்ளிக்குக் கொண்டு போன டப்பா அப்படியே திரும்பி வரும். பிறகு தயிர்சாதமும் குறைந்தது. சட்டைகள் தொளதொளவென்று ஆயின. ஊசியால் பிழைத்தவளைப் பயத்துக்குப் பறிகொடுத்துவிடுவோமோ என்று இருந்தது.

"இனிமே அண்ணி கையால எதுவும் வேணாங்க. எனக்கு நெஞ்சு பதறுது" என்று செல்வி சொல்லிவிட்டாள். யார் மூலமாகவோ அது அக்கா காதுக்கும் போயிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. வீட்டிலிருந்த முந்திரியை வாய்க்காலில் கொட்டிவிட்டு, ஓவனைப் பரணில் ஏற்றிவிட்டார் என்று மாமா சொன்னார்.

பிள்ளை இளைத்துப் போன செய்தி தெரிந்ததும் அக்கா ஒரு காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஓவன், பிரிக்காத புதுத் தட்டு, ஒரு பை நிறையச் சாமான்.

"செல்வி, ஒன் வீட்டுலயே, ஒன் கண்ணு முன்னாலயே செய்யிறேன். ஒவ்வொன்னா நீ படிச்சுப் பாத்து எடுத்துக் குடு. அந்தப் பொடி இங்கிலீஸெல்லாம் எனக்குப் புரியாது."

செல்வி பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்கண்ணி" என்றாள்.

அவள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். முந்திரி வகைகளும் கையாளப்படும் இடத்தில் செய்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. அக்கா கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். சாக்லேட் உறையிலும் அதே எழுத்து. "ஐயோ, இதையெல்லாம் நான் ஊருக்கே குடுத்தேனே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் கடை கடையாக ஏறி இறங்கி, அப்படி எழுதாத பிஸ்கட்டையும் வெறும் கோகோ தூளையும் தேடி வந்தார்கள். பாலைக் கடையில் வாங்கவில்லை, வீட்டிலேயே சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சினார்கள். ஓவனைச் செல்வி தன் கையால் மூன்றாம் தடவையும் துடைத்தாள்.

கேக் வந்தது. ஆறியது. வெட்டியும் ஆயிற்று. கொடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை.

"ஆஸ்பத்திரி வாசல்ல வச்சுக் குடுப்போம்" என்றார் அக்கா.

டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்றார். வராந்தா பெஞ்சில் அக்காவும் யாழினியும் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் எதிரே நின்றோம்.

"அத்தை, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான் கண்ணு பயமா இருக்கு. கையப் பாரு, எப்புடி நடுங்குதுன்னு. அதுக்குத்தான் இங்க வந்து ஒக்காந்திருக்கோம்."

"மூச்சு நின்னுட்டா?"

"உள்ள டாக்டர் இருக்காங்க. நான் ஒன்னய வுட்டு எங்கயும் போவ மாட்டேன்."

பயப்படாதே என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லாதவர் அக்கா ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் அதைத்தான் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

யாழினி நுனியைக் கடித்தாள். அக்கா அவள் முதுகில் காதை வைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து இன்னொரு கடி. செல்வி உதட்டைப் பார்ப்பதும் கையைத் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். வெயில் பெஞ்சுக்கு ஏறி வந்தது. எதுவும் ஆகவில்லை. யாழினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அத்தை, பசிக்குது."

அக்கா அதைக் கேட்டு அழுத அழுகையில் நர்சுகள் பதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்ல நாளுக்கும் அந்தக் கேக்தான். கல்யாண வீடுகளில் அக்கா மணமக்களைப் பார்க்குமுன் சமையல்காரரைப் போய்ப் பார்ப்பார். அப்படியும் யாழினி பந்தியில் உட்கார மாட்டாள். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர், சாத்துக்குடியில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகினார். அதைப் போட வேண்டிய தேவை அவருக்கு வரவே இல்லை. ஆனாலும் அவர் பயம் ஒரு நாளும் குறையவில்லை.

கடைசி மாதங்களில் அக்காவின் இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாது. தலையணைகளில் சாய்ந்தபடியே இருப்பார். "அன்னைக்கு புள்ளைக்கும் இப்புடித்தான இருந்திருக்கும், தம்பி" என்றார் ஒரு நாள். கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த யாழினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். சாவதற்குப் பயமாக இருக்கிறது என்பதை அக்கா யாரிடமும் மறைக்கவில்லை. கதவைச் சாத்தக் கூடாது, விளக்கை அணைக்கக் கூடாது என்பார். எங்களுக்கும் அதே பயம்தான். ஒரு நாள் என்னை அருகில் அழைத்தார்.

"என் காரியத்துக்கு வக்கிற பாயசத்துல முந்திரி போட வேணாம்னு சொல்லிடுடா. நீ அன்னைக்கு மறந்துடுவ."

"ஏன்க்கா இப்புடியெல்லாம் பேசுற" என்று எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார்.

அக்காவின் நோய்க்காலத்தில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்குகளில் தோள் கொடுத்த அம்பகரத்தூர், சுரக்குடி உறவினர்களுக்கும், பெயர் தெரியாத அந்தப் பஸ் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும், அன்று அதில் பயணம் செய்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. காரியத்தன்று அக்கா சொன்னபடியே நான் மறந்துவிட்டேன். யாழினிதான் பந்தலுக்குப் பின்னால் போய், முந்திரி போட வேண்டாம் என்று சமையல்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் முந்திரியைத் தாளிக்கவிருந்த நெய்யை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். வேறு கரண்டி எடுத்து, அவள் எதிரிலேயே கழுவினார். அன்று அவள் ஒவ்வாமை தெரிந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாகப் பந்தியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தினாள், தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அடுத்த வாய் எடுத்தாள். நீங்கள் எல்லோரும் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தீர்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்து நின்றார்கள். அவள் இலையை மடிக்கும் வரை, கை காய்ந்துபோன பிறகும், உங்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.