ஈயக் குழாயை மாற்றிய வருடம்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை பேசிப் பழக ஒரு பிள்ளை கிடையாது. போடிமெட்டுக்குப் போகும் சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் அப்பா கணக்குப்பிள்ளை. தோட்டத்தை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்கார துரையின் பழைய வீட்டில்தான் இருந்தோம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் இரண்டு மைல் கீழே. அப்பா விடிந்ததும் போனால் பொழுது சாயத்தான் வருவார். அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. நான் ஏலச்செடிகளோடு பேசினேன். அவை பதில் சொல்லாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போவதாக மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் அம்மா ஜீப்பில் போடிக்கு இறங்கிப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். நான் பிறந்தது கீழே, போடியில். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்த பிறகு அம்மாவுக்கு ஒன்றும் தங்கவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கீழே தேவாரம் ஊரிலிருந்து வரும்போதெல்லாம், "உனக்கு ஆம்பளப் பிள்ளை வேணாமாடா?" என்று அப்பாவைக் கேட்பாள். எனக்கு ஒன்பது வயதான வருடம் அவளே ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டாள். இரண்டாவது தாரம் கட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாம். அதனால் மேளமில்லாமல் ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதாக ஏற்பாடு. அம்மா சரி என்று தலையாட்டினாள். எனக்கும் வருத்தமில்லை. சின்னம்மா வந்தால் வீட்டில் பேச ஓர் ஆள் இருக்கும்.

ஐப்பசி மழையில் மண் சரிந்து, சுனையிலிருந்து எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஈயக் குழாய் நசுங்கிப்போனது. துரை காலத்துக் குழாய். அதைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய் போடப் போடியிலிருந்து ஒரு பாய் வந்தார். ஜீப்பு ரோட்டில் இறக்கிய லோடை ஆட்கள் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள்.

காலையிலிருந்து அவர் அறுத்துப் போட்ட ஈயத்தின் மெல்லிய கீற்றுகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையால் வளைத்தால் சொன்னபடி வளைந்தது. ஓர் அப்பா, ஓர் அம்மா, ஐந்து பிள்ளைகள் செய்தேன். கடைசிப் பிள்ளைதான் நிற்கவே மாட்டேன் என்றது. அதை அதட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அம்மா தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு பாய்க்குக் கொண்டுபோனாள். அவர் கை நீட்டவில்லை.

"ஓடைத் தண்ணி இருந்தாக் கொண்டா தாயி. இது வேணாம்."

அம்மாவின் முகம் சுருங்கியது. "ஏண்ணே, எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா?"

"அய்யோ, அப்படியில்ல ஆத்தா. இது ஈயத்துல வந்த தண்ணி. மேல ஒரு பங்களாவுல இருந்த ஈயக் குழாயெல்லாம் நான்தான் பிடுங்குனேன். பிள்ளைத்தாச்சிப் பொம்பளைக்கு இந்தத் தண்ணி ஆகாது, வயித்துல தங்காதுன்னு அங்க டாக்டரு சொல்லியிருக்காரு. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே," என்றாள் அம்மா. அவர் மறுபடியும் சொன்னார்.

அம்மா செம்புத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். பிறகு திரும்பி, என் மடியில் இருந்த ஈயக் குடும்பத்தைப் பார்த்தாள். ஓடிவந்து என்னை அறைந்தாள். அதுவரை என்னை அவள் அடித்ததே இல்லை. ஏழு பேரையும் வாரிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, என்னை ஓடைக்கு இழுத்துப் போய், உள்ளங்கை சிவக்கச் சிவக்கச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நான் என் ஐந்து பிள்ளைகளுக்காக அழுதேன். அம்மாவும் அழுதாள். என்னை அடித்துவிட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து, "பரவால்லம்மா, வலிக்கல," என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா படியேறும்போதே அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பாய் இங்கதான் இருக்காரு, அவரையே கேளுங்க. ஒரு வருசம். ஒரே ஒரு வருசம் பொறுத்துப் பாருங்க."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எடுத்து உதறி மறுபடியும் மாட்டினார்.

"குழாய் மாட்டுறவரு சொன்னாருன்னு பேசி முடிச்ச வீட்ல போய் நான் என்னத்தச் சொல்ல?"

அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு நாளில் புதுக் குழாயில் தண்ணீர் வந்தது.

தை மாதம் சின்னம்மா வந்தாள். நல்லவள். என்னோடு தாயம் விளையாடுவாள். அம்மா என் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கினாள். மறுவருடம் ஒரு தம்பி பிறந்தான். அவன் நடக்கும்போதே இன்னொருவன். வீடு கலகலவென்று ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருவருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அம்மாதான்.

இளையவனுக்குப் பேர் வைத்த அன்று முற்றம் நிறைய ஆட்கள். அத்தை குழந்தையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "பாத்தீகளா, என்னா ராசிக்காரி! இந்த வீட்டுல வந்து காலை வச்சா, வரிசையா ரெண்டு சிங்கக்குட்டி!"

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த அம்மா நின்றாள். அத்தையை அவள் பார்க்கவில்லை. ஆட்களுக்கு நடுவே இருந்த அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டென்று தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். நிமிரவே இல்லை. எதையோ தேடுகிறார், கிடைக்காமல் தவிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் புகுந்து வெரசாக அவரிடம் போனேன்.

"செருப்பு கால்லதாம்ப்பா கெடக்கு," என்றேன்.