பேசாமல் பறித்த கீழாநெல்லி

கோவிந்தராசு மூலக்குளத்துக் காலி மனைகளில் களைக்கொல்லி அடிக்கிறவன். முதுகில் டேங்க், மூக்கில் துண்டு, அதுதான் பிழைப்பு. பத்து வயதில் காமாலையில் கிடந்தவனை அவன் அம்மா கீழாநெல்லியை மோரில் அரைத்து ஊற்றித்தான் எழுப்பினாள். இன்றைக்கும் அடித்துச் சொல்வான். செடியை நம்புகிறவனுக்குச் செடியைக் கொல்கிற வேலை. என்ன செய்ய, வயிறு கேட்குமா?

அன்று விடியற்காலையில் வேலைக்கு வந்தான். முந்தின நாள் அவன் அடித்த மனையில், தையற்கடை கமருஸ்ஸமான் பாயின் மனைவி பரீதா குனிந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாய்க்குக் காமாலை என்று தெருவுக்கே தெரியும்.

"அக்கா, விடுங்க! நேத்து களைக்கொல்லி அடிச்ச எடம்!"

பரீதா பேசவில்லை. இதுவா செத்த செடி என்பதுபோல் பச்சைப் பசேலென்ற கொத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டினாள். அடித்த செடி வாட மூன்று நாளாகும். அது அடிக்கிறவனுக்கல்லவா தெரியும்!

அவள் ஏன் பேசவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பிஸ்மி சொல்லிப் பறித்தால் வீடு சேரும்வரை வாய் திறக்கக் கூடாது, திறந்தால் செடி பலிக்காது. அவன் ஊரிலும் சாமி பேர்தான் வேறு, வழக்கம் இதேதான். அவள் கையைப் பிடித்துப் பிடுங்கவா முடியும்? வாயைத் திறக்க வைத்தால் அவளே எறிந்துவிடுவாள்.

பின்னாலேயே ஓடினான். "பாய்க்கு எப்படிக்கா இருக்கு?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். வாசலுக்கு இருபதடிதான் பாக்கி.

"வெறும் புல்ல அரைச்சுக் குடுக்கப் போறீங்க. செடி தெரியாதவங்களுக்கு எதுக்குக்கா வைத்தியம்?"

பரீதா நின்றாள். "யாரப் பாத்துடா செடி தெரியாதுங்கற? எலைக்கு அடியில காயி வரிசையா தொங்குது, கண்ணு அவிஞ்சா போச்சு?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொத்து சாக்கடையில் விழுந்தது.

"பாவி, கெடுத்துட்டியே! ஆஸ்பத்திரி மாத்திரையோட இதையும் குடுத்தா சீக்கிரம் எழுந்திருப்பாருன்னு பாத்தேன்."

"அது வெஷம்க்கா. மொதல்ல சோப்பு போட்டுக் கைய கழுவுங்க. நாளைக்கு எங்க ஊரு வரப்புலேர்ந்து நானே பறிச்சிட்டு வரேன்."

சொன்னபடி கொண்டுவந்தான். ஊரிலிருந்து பஸ்ஸில் ஊமையாகவே வந்ததற்குக் கண்டக்டர் திட்டிய திட்டு கொஞ்சமா?

பாய் இருபதாம் நாள் மிஷினில் உட்கார்ந்தார். மாத்திரையா, கீழாநெல்லியா என்று பரீதாவிடம் கேட்டுப்பாருங்கள், அடிதான் விழும். இப்போது கோவிந்தராசு களைக்கொல்லி அடிக்கிற மனைக்கெல்லாம் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுகிறான். துணி பாய் கடையிலிருந்து பை பையாக வருகிறது.